பருத்திக்கொட்டைச் சாக்கில் இல்லாத எழுத்து

போன நோன்புப் பெருநாள் முடிந்து ரெண்டு நாள் கழித்து, புதுமடத்துக் காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் பெரியவர்களை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் கடைக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு பாக்கெட். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த மக்காச்சோளச் சிப்ஸ், அமெரிக்கச் சரக்கு.

"தம்பி, கண்ணாடி வீட்ல கிடக்கு. இதுல ஹராமானது ஏதும் சேத்திருக்கானான்னு பாத்துச் சொல்லு. பேரப்புள்ளைக பிச்சுப்புடும் போல நிக்குதுக."

எங்களது உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு பலசரக்குக் கடை. அப்பா காலத்துக் கடை. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருப்பதால், பாக்கெட்டில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துச் சொல்வது எனக்கு உபதொழில். வரிசையாகப் படித்தேன். சோளம், எண்ணெய், உப்பு, பால் பவுடர், மிளகாய்த் தூள். ஹராம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் அடியில் தனியாக ஒரு வரி: உயிரிப் பொறியியலால் உருவான உணவுப் பொருள் அடங்கியது.

"இது என்னாப்பா புதுசா?"

"இந்தச் சோளம் மரபணு மாத்துன சோளம் காக்கா. வேற ஒரு உயிரோட குணத்தை எடுத்து இதுக்குள்ள வச்சிருப்பாக."

"எந்த உயிரோடது?"

அமெரிக்காக்காரர்கள் பல வருஷம் சண்டை போட்டு வாங்கின அந்த ஒற்றை வரி, காக்கா கேட்ட முதல் கேள்விக்கே பதில் சொல்லவில்லை. "பெரும்பாலும் மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியாவோடதா இருக்கும்" என்றேன். மிருகம் எதுவும் இல்லையே என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு பாக்கெட்டை அக்குளில் இடுக்கினார். படி இறங்கியவர் திரும்பிப் பார்த்து ஒன்று கேட்டார்.

"நம்ம கடைச் சரக்குல இந்த எழுத்தை நான் பாத்ததே இல்லையே தம்பி. நம்ம ஊருக்கு இது வரலையா, வந்தும் எழுதலையா?"

அன்றைக்கு ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையில் இருந்த அத்தனை பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தேன். பிஸ்கட், சோயா உருண்டை, கார்ன்ஃபிளேக்ஸ், ரீஃபைண்ட் எண்ணெய், மாட்டுத்தீவனம். ஒன்றில்கூட அந்த எழுத்து இல்லை. சட்டமோ இருக்கிறது. 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்றிய உணவு உள்ள எந்தப் பொட்டலமானாலும் அதன் முகப்பின் உச்சியில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும். நுகர்வோர் துறை அமைச்சகத்தின் பொட்டலப் பண்ட விதி அது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடையில் உட்கார்ந்து தினம் நூறு பாக்கெட்டைக் கையால் தொடுகிற நான் அந்த ரெண்டு எழுத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சரக்கே வரவில்லை என்றால் எழுத்தும் இருக்காதுதான். இந்தியாவில் பயிரிட அனுமதி பெற்று வயலுக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டும்தான், 2002-லிருந்து. பி.டி. என்கிற மண் பாக்டீரியாவின் புழுக்கொல்லி மரபணுவை ஏற்றிய கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. 2010 பிப்ரவரியில் அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். (அந்தக் கத்தரிக்காயில் நம்ம ஊர்ச் சரக்கும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவை ஏற்றி வைத்திருந்த ரகங்களில் மதுரை ரகமும் கிள்ளிகுளம் ரகமும் இருந்தன. வங்கதேசம் தன் ஊர்க் கத்தரியில் இதையே செய்து 2014-லிருந்து விளைவிக்கிறது.) கடுகுக்கு 2022-ல் அனுமதி கொடுத்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆக, 'நம்ம நாட்டுல அதெல்லாம் இல்லப்பா' என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொள்ளலாம்.

ஆனால் 2018-ல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் 65 பொருள்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியது. 32 சதவீதத்தில் மாற்று மரபணு இருந்தது. பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு. காக்காவின் கேள்விக்கு அது ஒரு பதில். வந்திருக்கிறது, எழுதவில்லை.

இன்னொரு பதில் என் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் சாக்கில் இருந்தது. அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. அதுவும் ராமநாதபுரத்தில், அரண்மனைப் பக்கம், பருத்திப்பால் வண்டிக்காரர் முன்னால் நின்றபோது.

பருத்திப்பாலை அறியாத வடக்கத்தித் தமிழர்களுக்காக ஒரு வார்த்தை. பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஆட்டி, துணியில் பிழிந்து பாலெடுத்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சி, இறக்கும்போது தேங்காய்ப்பூவைத் தூவுவார்கள். எங்கள் அப்பத்தா வீட்டிலேயே செய்யும். மூன்றாம் பால் வரைக்கும் விடாமல் பிழியும். சளிக்குக் கேட்கும், உடம்பு வலிக்குக் கேட்கும், பிள்ளை பெத்தவளுக்கு நல்லது என்று அதற்கு ஒரு பட்டியலே இருந்தது. சாயங்காலம் அடுப்பிலிருந்து சுக்கு வாசம் வந்தால் அண்ணனும் நானும் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவருவோம்.

நானும் மதினியும் டவுனுக்குப் போயிருந்தோம். மதினி, அண்ணன் மனைவி, பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுப்பவர். காக்கா கதையை அவரிடம் சொல்லிக்கொண்டே டம்ளரை வாயில் வைத்தேன்.

"கொழுந்தனாரே, அமெரிக்கச் சோளத்தைப் பத்தி இம்புட்டு நேரம் பேசுறீங்க. கையில வச்சிருக்கது என்னன்னு தெரியுமா?"

"பருத்திப்பால்."

"எந்தப் பருத்தி?"

நாட்டில் விளைகிற பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தி. கமுதி, முதுகுளத்தூர்க் கரிசலிலும் அதேதான். அப்பத்தா காலத்துக் கொட்டை வேறு. இந்த வண்டியில் ஆட்டுகிற கொட்டை வேறு. மரபணு மாற்றுப் பொருளை நம் ஊர் சாப்பிடுமா, சாப்பிடாதா என்று பட்டணத்தில் விவாதம் நடக்கிறது. இங்கே இருபது வருஷமாக டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். பாக்கெட்டே இல்லாத பண்டத்தில் முகப்பேது, முகப்பின் உச்சியேது?

ஊருக்குத் திரும்பியதும் கமுதிப் பக்கம் பருத்தி போடுகிற சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பி.டி. இல்லாத விதை அங்கே கிடைக்கிறதா என்று கேட்டேன். "கடைக்குப் போனா அவன் குடுக்கிறதுதான் விதை. பாக்கெட்டுல எல்லாம் எழுதித்தான்டா இருக்கு" என்றார். எழுதித்தான் இருக்கிறது. விதைப் பாக்கெட்டில் பி.டி. என்ற பேர், ரகத்தின் பேர், கம்பெனிப் பேர், முளைப்புத்திறன் எல்லாமே உண்டு. ரொம்ப வருஷமாக 450 கிராம் பி.டி. விதையோடு, ஓரத்தில் விதைக்கச் சொல்லி 120 கிராம் சாதா விதையும் தனிப் பொட்டலமாக வைத்துக் கொடுத்தார்கள். புழு பழகிப்போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. நம்மாட்கள் எத்தனை பேர் அதை விதைத்தார்கள் என்பது வேறு கதை. சித்தப்பா வீட்டில் கோழிக்குப் போட்டதாக ஞாபகம்.

விதைக்கும்போது இருக்கிற பேர், பருத்தியாகி, மில்லுக்குப் போய்ப் பஞ்சு வேறு கொட்டை வேறாகப் பிரிந்து, மொத்த வியாபாரி சாக்கில் கட்டி, என் கடை மூலைக்கு வரும்போது 'பருத்திக்கொட்டை' என்று ஆகிவிடுகிறது. வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. எந்த இடத்தில் என்று யாராலும் காட்ட முடியாது. மொத்த வியாபாரியிடம் கேட்டேன். "மாடு திங்கிறதுக்கு ஜாதகமா கேக்குற?" என்று சிரித்தார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று மதினியிடம் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. பி.டி. புரதம் புழுவின் குடலில்தான் வேலை செய்யும். அதன் குடல் காரத்தன்மை உள்ளது. அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. நம் வயிறு அமிலம், ஒட்டுகிற இடமும் கிடையாது. காய்ச்சும்போது புரதமே சிதைந்துபோகும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இந்த உணவுகளால் மனிதர் உடம்புக்குக் கூடுதல் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னார்கள். இதை மறைத்துவிட்டு லேபிள் கேட்பது நேர்மை ஆகாது என்று நானும் நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருகிற கத்தரிக்காய்ப் பேய்க் கதைகளை நான் யாருக்கும் தள்ளிவிடுவதில்லை.

"உண்மையிலேயே பயப்படணும்னா பருத்தியோட சொந்த விஷத்துக்குப் பயப்படுங்க" என்றார் மதினி. கொட்டையைப் பிளந்தால் பருப்பில் கரும்புள்ளியாகத் தெரியுமே, அதில் இருப்பது காசிப்பால். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கிற நஞ்சு. மாட்டின் பெருவயிறு அதைச் சமாளித்துவிடும். கோழிக்கும் மனுஷனுக்கும் அளவு மிஞ்சினால் ஆகாது. சீனாவில் கிராமத்து ஜனங்கள் சுத்திகரிக்காத பருத்திவிதை எண்ணெயைச் சமையலுக்கு ஊற்றிப் பிள்ளையில்லாமல் போக, கடைசியில் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே சோதித்துப் பார்த்தார்கள். (பருத்திப்பால் அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. அவர் வண்டியில் நிற்பது பூராவும் ஆம்பளைகள்.)

இந்தக் காசிப்பாலைக் கொட்டையில் மட்டும் குறையும்படி செய்த பருத்தி ஒன்றும் இருக்கிறதாம். இலையிலும் தண்டிலும் நஞ்சு அப்படியே இருக்கும், பூச்சிக்கு எதிராக. கொட்டை மட்டும் தின்னத் தக்கதாகிவிடும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் என்ற இந்தியாவில் பிறந்த பேராசிரியர் பல வருஷம் உழைத்து உருவாக்கினார். 2019-ல் அமெரிக்க உணவு நிர்வாகம் மனிதர் உண்ணலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதுவும் மரபணுவைத் தொட்டுச் செய்ததுதான். உலகத்தில் யாருக்குப் பயன்படுமோ இல்லையோ, பருத்திப்பால் குடிக்கிற மதுரை, ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு வேண்டுமா? அந்தக் கொட்டை என் கடைக்கு வந்தால் சாக்கில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் வைப்பேன். வியாபாரமே அந்த எழுத்தில்தான் இருக்கும். எழுதாமல் விற்றால் அதற்கும் மற்றக் கொட்டைக்கும் என்ன வித்தியாசம், யார் கூடுதல் காசு கொடுப்பார்?

லேபிள் என்றாலே எச்சரிக்கை என்று ஆக்கிவிட்டதுதான் இந்தச் சண்டையின் கோணல். எதிர்ப்பவர்கள் லேபிளை மண்டை ஓட்டுப் படம் மாதிரி கேட்கிறார்கள். கம்பெனிகளும் அதை மண்டை ஓடாகவே நினைத்து ஓடுகின்றன. 1996-ல் இங்கிலாந்தில் மரபணு மாற்றிய தக்காளி விழுதை டப்பாவில் அடைத்து, மரபணு மாற்றிய தக்காளி என்று பெரிதாக எழுதியே விற்றார்கள். விலையும் கொஞ்சம் குறைவு. நன்றாகவே விற்றது. பைத்தியமாட்டு நோய் விஷயத்தில் அரசாங்கம் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று சொல்லி மாட்டிக்கொண்ட காலம் அது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அமெரிக்க சோயா மற்றச் சரக்கோடு கலந்து வந்திறங்கியது. ஜனங்களுக்குக் கோபம் வந்தது. 1999-க்குள் அந்தத் தக்காளி டப்பாவும் அலமாரியிலிருந்து போய்விட்டது. எழுதி விற்ற சரக்கு எழுதாமல் விற்ற சரக்கால் செத்தது.

மதினிக்கு இதில் உடன்பாடு இல்லை. "எதுக்கு எழுதணும், எதுக்கு வேணாம்னு எங்க கோடு போடுவீங்க? பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சு குடுத்து உண்டாக்கின கடலை ரகம் நாடு பூரா விளையுது, டி.ஏ.ஜி. 24ன்னு. ஜீனைக் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுக் கலைச்சது அது. கடலைமிட்டாய்ல அதை எழுதச் சொல்லி யாராவது கேட்டாகளா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கேட்டால் எழுதட்டும் என்பதைத் தவிர. நான் கடைக்காரன், விஞ்ஞானி இல்லை. எனக்குத் தெரிந்த நியாயம் கடற்கரையில் இருக்கிறது. பாம்பனில் மீன் வாங்கப் போனால் என்ன கேட்பார்கள்? தூண்டில் மீனா, வலை மீனா. நாட்டுப்படகா, விசைப்படகா. இன்னைக்குப் பாடா, ஐஸ் வச்சதா. ரெண்டு சீலா மீனைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆய்வகம் ரெண்டும் ஒன்று என்றுதான் சொல்லும். ஆனால் விலை ஒன்றில்லை. வாங்குகிறவருக்கு மீன் மட்டும் போதவில்லை. அது வந்த வழியும் வேண்டும். அந்தக் கேள்விக்கு மீன்காரம்மா 'உனக்கெதுக்கு அது, தின்னா ஒண்ணும் ஆகாது' என்று பதில் சொன்னால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

பச்சைப் புள்ளியும் அப்படித்தான். 2001-லிருந்து பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குப் பழுப்பு. உடம்புக்குக் கெடுதல் என்பதற்காகவா அது? நம்பிக்கைக்காக. காக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் நம்பிக்கைக்காகத்தான். பச்சைப் புள்ளி போட்டதால் கறிக்கடை எதுவும் மூடவில்லை. 'பாதுகாப்பானது என்றால் லேபிள் எதற்கு' என்று கேட்பவர்கள் இந்த நாட்டில் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததே இல்லை போல.

தூண்டில் மீனா வலை மீனா என்ற இந்த வழக்குத்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில். ஐரோப்பாவில் 2004-லிருந்து நடைமுறை: 0.9 சதவீதத்துக்கு மேல் போனால் எழுத வேண்டும். எண்ணெயைச் சுத்திகரித்தபின் அதில் மரபணுவே மிஞ்சாவிட்டாலும், மாற்றிய சோயாவில் பிழிந்ததா, எழுது. வயலிலிருந்து கடை வரை காகிதம் கூடவே வர வேண்டும். அமெரிக்கா 2016-ல் சட்டம் போட்டு 2022-ல் கட்டாயமாக்கியது. அளவு 5 சதவீதம். சோதனையில் மாற்று மரபணு தெரியாத சுத்திகரித்த எண்ணெய்க்கு எழுத வேண்டாம் என்றார்கள். பாக்கெட்டில் கட்டம்போட்ட குறியீட்டை அச்சடித்துப் போனில் பார்த்துக்கொள் என்றும் விடலாம் என்றார்கள். இல்லையென்றால் வயலும் சூரியனுமாகப் பச்சையில் ஒரு வட்டப் படம் போடலாம். அழகாக இருக்கிறது. தெரியாதவர் பார்த்தால் இயற்கை விவசாயம் என்றே நினைப்பார். 'ஜி.எம்.' என்ற எல்லாருக்கும் பழகிய சொல்லை விட்டுவிட்டு 'பயோஎன்ஜினியர்டு' என்று பேரையும் மாற்றிவிட்டார்கள். காக்கா குழம்பியதில் என்ன தப்பு?

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 வரைவில் 5 சதவீதம் என்றது. 2021 வரைவில் 1 சதவீதம் என்றது. நாம் அமெரிக்காவா ஐரோப்பாவா என்ற யோசனை அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகிற சோயா எண்ணெயை நினைத்தால் இந்த யோசனைக்கு அர்த்தம் புரியும். அங்கே விளைகிற சோயாவில் மிகப் பெரும்பங்கு மாற்றியது. ரேஷன் கடைப் பாமாயிலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மாற்றிய எண்ணெய்ப்பனையை யாரும் வியாபாரத்துக்கு வளர்க்கவில்லை. ஆக, எங்கள் ஊரில் ரேஷன் எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுகிற வீட்டில் ஜி.எம். இல்லை. கொஞ்சம் காசிருந்து 'இதயத்துக்கு நல்லது' என்று சோயா ரீஃபைண்ட் வாங்குகிற வீட்டில் இருக்கலாம்.

முட்டையும் அப்படித்தான். 2021-ல் கோழித்தீவனம் விலை ஏறிப்போக, 12 லட்சம் டன் மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்கிக்கொள்ள அரசு இடம் கொடுத்தது. கோழி தின்றது, நாம் முட்டை தின்றோம். முட்டை ஜி.எம். ஆகாது என்பது சரிதான். அவ்வளவு கறாரான ஐரோப்பாகூட முட்டைக்கும் பாலுக்கும் எழுதச் சொல்வதில்லை.

இதே பேச்சைக் கடைவாசலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்களிடம் ஒருநாள் எடுத்தேன். எங்கள் பக்கம் எதைக் கேட்டாலும் 'ஹைபிரிட்' என்பார்கள். தக்காளி ஹைபிரிட், விதையில்லாத தர்பூசணி ஹைபிரிட், தொண்டிப் பக்கப் பண்ணைகளில் வளர்க்கிற வன்னாமை இறால் ஹைபிரிட். இவை எதுவும் மரபணு மாற்றியவை இல்லை. மாற்றிய மீன் ஒன்று நிஜமாகவே இருந்தது என்றேன். அட்லாண்டிக் சால்மனுக்குள் இன்னொரு சால்மனின் வளர்ச்சி மரபணு. அதைக் குளிர்காலத்திலும் ஓடவைக்க வேறொரு மீனிலிருந்து எடுத்த சுவிட்ச். மூன்று வருஷ வளர்ச்சியை ஒன்றரை வருஷத்தில் எட்டும். 2015-ல் அமெரிக்கா அனுமதித்தது. 2017-ல் கனடாவில் நாலரை டன் விற்றார்கள், எந்த எழுத்தும் இல்லாமல். தின்றவர்களுக்கே எது தின்றோம் என்று தெரியாது. வளர்த்த கம்பெனி 2024 கடைசியில் மீன் வளர்ப்பையே நிறுத்திவிட்டது.

"பேரைச் சொல்லாம வித்த மீனு பெறகு எப்புடிப் பேரெடுக்கும்?" என்று ஒரு பெரியவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

பக்கத்தில் ஐஸ்கிரீம் கப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார் கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர். அந்தக் கப்பை வாங்கித் திருப்பினேன். 407 என்று ஒரு எண். "அக்கா, இது ஒங்க பாசிதான்" என்றேன். காரஜீனன், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பது. தொண்ணூறுகளில் மண்டபத்தில் நட்டுப் பார்த்து, பிறகு குளிர்பானக் கம்பெனி வாங்கிக்கொண்டதால் 'பெப்சி பாசி' என்றே பேராகிப்போன கப்பாபைகஸில் எடுப்பது. பாசியை மாற்றியவர் யாரும் இல்லை, பிலிப்பைன்ஸ் கடல் பக்கத்துப் பாசி அவ்வளவுதான். அந்த அக்கா இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் மிதவையைத் தள்ளி, உப்பில் கையெல்லாம் வெடித்துக் கட்டின பாசி, கப்பில் மூன்று இலக்கமாக இருக்கிறது. அவருக்கு நம்பவே முடியவில்லை. "எழுதித்தான் இருக்கா? எங்க?" என்று கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். 407 என்பதும் எழுத்துத்தான். சட்டப்படி மறைக்கவில்லை. யாருக்கும் புரியவும் இல்லை. ஜி.எம். லேபிளும் வந்தால் இப்படித்தான் வந்து உட்காருமோ என்று எனக்குப் பயம்.

பேரைச் சொல்லி விற்கத் தெரியாத ஊரா இது? ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, காம்போடு, குலுக்கினால் விதை சலசலக்கும். அதன் பேரை இப்போது பாக்கெட்டில் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். அதுவும் லேபிள்தான். எந்த மண், எந்த விதை, எப்படி வந்தது என்று சொல்கிற லேபிள். முண்டு மிளகாய்க்குப் பெருமையாக இருக்கிற தகவல், மாற்றிய சோளத்துக்கு மட்டும் அவமானமாக ஏன் இருக்க வேண்டும்?

எனக்கு இதில் சொந்த ஆசையும் ஒன்று உண்டு. எங்கள் அப்பாவுக்குக் கடல் ஓரத்தில் ஒரு துண்டு வயல். சித்திரைக்கார் விதைத்தார், குழியடிச்சான் விதைத்தார். மழை தப்பினாலும் உப்பு ஏறினாலும் அந்த ரகங்கள் ஏதோ கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவரும். கிணறு கரித்துப்போன பிறகு அதுவும் நின்றது. சென்னையில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அலையாத்தி மரத்தில் உப்பைத் தாங்குகிற மரபணுவைப் பிரித்து நெல்லுக்குள் வைத்துப் பார்த்ததைப் படித்தபோது எனக்குக் காரங்காட்டு அலையாத்திக் காடு ஞாபகம் வந்தது. அதே அவிசென்னியா மரம். உப்புத் தண்ணியில் நின்றுகொண்டு இலையில் உப்பைப் பூக்கவைக்கிற மரம். அதன் குணம் அப்பா வயல் நெல்லுக்கு வந்தால் நான் ஏன் வேண்டாம் என்பேன்? 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு மரபணுத் திருத்த நெல்களை அறிவித்தது. அதில் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்பது வறட்சிக்கும் உவர் நிலத்துக்கும். வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்க்காமல், இருப்பதைத் திருத்தியது மட்டும். அதனால் 2022-லேயே அந்த வகைக்கு மரபணு மாற்றுப் பயிருக்கான கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிவியலாக அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்த அரிசி மூட்டை என் கடைக்கு வரும்போது அதன் பேரும் வழியிலேயே உதிர்ந்துபோய், வெறும் 'புழுங்கல்' என்றுதான் வரும்.

போன மாதம் ஒரு அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'பி.டி. பருத்திக்கொட்டை' என்று எழுதிச் சாக்கில் குத்திவைத்தேன். முதலில் வந்தவர் பக்கத்துத் தெருப் பால்காரர்.

"பி.டி.யா? ஒசத்தி ரகமா? பால் கூடுமா?"

இல்லை, வழக்கமாக வாங்குகிற அதே கொட்டைதான் என்றேன். அப்புறம் எதற்கு எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் விலை ஏறியிருக்கிறதா என்று கேட்டார். ஏறவில்லை என்றதும் ரெண்டு கிலோ போடச் சொன்னார். அடுத்து வந்த அம்மா அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தா இருக்க இன்னொரு சாக்கு?" என்று கேட்டார். அது தவிடு. மூன்றாவது ஆள், மாட்டுக்கு ஆகாதோ என்று சந்தேகப்பட்டுப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் கொட்டை விற்பனை கொஞ்சம் குறைந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. அட்டையின் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது, இன்னும் இருக்கிறது.

நேற்று டவுனில் பருத்திப்பால் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அகப்பையை நிறுத்திக் கேட்டார். "நீ நல்லாத்தான் எழுதுவ. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு, வண்டியில மாட்டிக்கிறேன்" என்றார். ஒரு டம்ளர் ஊற்றி நீட்டியவர், சுற்றி நின்ற நாலு பேரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்:

"இல்ல, வேணாம். மொதல்ல 'சுத்தமான கருப்பட்டி'ன்னு எழுதிக் குடு. அதைத்தான் தெனம் கேக்குறாக."

உண்மையிலேயே சுத்தக் கருப்பட்டிதானா என்று நான் கேட்கவில்லை.